மூன்றாம் அங்கத்துக் கடிதம்

நியூயார்க்
16 செப்டம்பர் 1973

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நான் நலம், இடது முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் ஆர்வின் அத்தானும் நலமா? டுலூத்தில் அதற்குள் குளிர் இறங்கிவிட்டதா?

நேற்று எங்கள் நாடகத்தின் எண்ணூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம். அதாவது இரண்டாம் அங்கத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு தட்டு ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியலை ருசித்துச் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டிருக்கிறேன். என் வேலைக்காரி வேட உடுப்பைத் துவைத்தால் சாயம் போகுமாம், அதனால் அக்குளில் வோட்காவைத் தெளித்து நாற்றத்தை அடக்குகிறார்கள். புதன்கிழமைப் பகலாட்டத்துக்கு வரும் சீமாட்டிகள் சாவுக் காட்சி பார்த்துத்தான் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிறார்கள். வாரத்துக்கு எட்டு ஆட்டம், திங்கள் விடுமுறை, மற்றபடி வாழ்க்கை என்று ஒன்றும் கிடையாது.

ஆகஸ்டோடு பழைய நாயகன் போய்விட்டார். அவருடைய நீதிபதி வேடத்துக்கு ஹாலிஸ் பிரான்ட் வந்திருக்கிறார். வந்த மூன்றாம் நாளே என் சிரிப்பைக் கொன்றுவிட்டார். எனக்கு இந்த நாடகத்தில் இருப்பதே ஒரு சிரிப்பு. நீதிபதி தன் நாயைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைப்பார். நான் கேட்பேன்: "அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா, உங்க பக்கத்துல படுக்க அதுக்குச் சம்மதமான்னு?" இரண்டு வருடமாகக் கூரை அதிரச் சிரித்தார்கள். இவர் என்ன செய்கிறார் தெரியுமா? சரியாகச் 'சம்மதமா'வில் தீக்குச்சி கிழித்துச் சுங்கானைப் பற்ற வைக்கிறார். தொள்ளாயிரம் பேர் கண்ணும் நெருப்புக்குப் போகிறது. அரங்க நிர்வாகி பின்கஸிடம் சொன்னேன். "என்னம்மா பண்ணச் சொல்ற? சுவரொட்டியில அவர் பேரு நாடகத்தோட பேருக்கு மேல இருக்கு. உன் பேரு நாய்க்குக் கீழ இருக்கு" என்றார். வயிறு எரிகிறது அக்கா.

உன்னிடம் ஓர் உதவி. மூன்றாம் அங்கத்தில் நீதிபதியின் செத்துப்போன மனைவி எழுதிய கடிதத்தை நான் அவர் கையில் கொடுப்பேன், அவர் சத்தமாகப் படிப்பார், அரங்கம் மூக்கைச் சிந்தும். மனப்பாடம் செய்ய நேரமில்லை என்று அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தாளைப் பார்த்தே படிக்கிறார். மாதத்துக்கு இரண்டு தாள் கிழிகிறது. மேடைப் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் சால் எழுதித் தருவது கோழி கிளறியதுபோல இருக்கிறதென்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். நீதான் தேவாலயத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழெல்லாம் அழகாக எழுதுகிறவளாயிற்றே, ஆறு படி எழுதி அனுப்புவாயா? வாசகம் இதோடு இருக்கிறது.

உன் தங்கை,
மர்லிஸ்

டுலூத்
27 செப்டம்பர் 1973

அன்புள்ள மர்லிஸ்,

இருவரும் நலம். அத்தானுக்குச் சளி, இப்போது தேவலை. நேற்று முதல் உறைபனி. தக்காளியைக் காயாகவே பறித்துவிட்டேன். முழங்காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு.

ஆறு படிகள் இத்துடன். நல்ல தடித்த தாள், எளிதில் கிழியாது. மேடையில் அவன் பிரிப்பதற்கு முன்னால் வேறு யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்களே? மடிப்பு கெட்டுவிடும், அதற்காகக் கேட்டேன்.

அன்புடன்,
வெர்னா

நியூயார்க்
21 அக்டோபர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் உன் ஒத்தடத்தால் கொஞ்சம் நலம். அத்தானின் சளி போய்விட்டதா?

ஒரு வேடிக்கை கேள். உன் முதல் தாளைச் செவ்வாய்க்கிழமை அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. பிறகு படித்தார், ஆனால் குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அரங்கம் தேம்பித் தேம்பி அழுதது. திரை விழுந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். இவர் எப்போது சறுக்குவார் என்று காத்திருந்த எனக்கு இது தேவையா?

உள்ளே வந்ததும் சால் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை யாரு எழுதினது?" மர்லிஸோட அக்கா என்று அவன் சொல்ல, நேராக என் அறை வாசலுக்கு வந்து நின்றார். "உங்க அக்கா பேரு என்ன?" "வெர்னா. டுலூத்துல இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி ஹால்வர்சன்." அப்படியே திரும்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து சுங்கான் மேசையைவிட்டு எழும்பவில்லை. என் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது!

உனக்கு அவரைத் தெரியுமா? நீ நாடகத்தில் இருந்ததே அந்த ஒரு கோடை, விஸ்கான்சினில் ஏரிக்கரைக் குழுவோடு. அதற்குள் தொண்டை கெட்டுப்போய் வீட்டுக்கு வந்துவிட்டாய். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. உடனே எழுது.

மர்லிஸ்

நியூயார்க்
2 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆறு வாரமாக உன்னிடமிருந்து வந்தது இன்னும் நான்கு படிகள் மட்டும். உறைக்குள் ஒரு வரி வைத்திருந்தால் தபால்காரர் முதுகா ஒடிந்திருக்கும்?

வியாழனன்று பிரான்ட் என்னைக் காப்பிக்கு அழைத்தார். ஒரு கடைக்குக் கூட்டிப்போய்க் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு பாதிரியார் குரலில் ஆரம்பித்தார்: "உங்க அக்கா பெரிய நடிகையா வந்திருக்க வேண்டியவ. ஆனா பாவம், குடி. அந்தக் கோடையில மேடையிலேயே நிக்க முடியாமப் போச்சு. நான்தான் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டுப் போனேன். இப்பல்லாம் எப்படி, விட்டுட்டாங்களா?"

கோப்பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், பணிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அக்காவா? திருவிருந்துல குடுக்கற திராட்சரசத்துக்கே உதட்டை நனைச்சுட்டு விட்டுடுவா சார்!" என்றேன். "அப்ப நல்லதுதான்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். அக்கா, அவர் தட்டிக் கொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தக் கோடையில் என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

மர்லிஸ்

டுலூத்
14 ஜனவரி 1974

அன்புள்ள மர்லிஸ்,

நாங்கள் நலம். ஏரி முழுதும் உறைந்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் இல்லாததால் அத்தான் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார். அதனால்தான் எழுதத் தாமதம். இதை அவர் இல்லாதபோது எழுத வேண்டியிருந்தது. அவருக்கும் தொண்டைக் கதைதான் தெரியும்.

என் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1951 ஆகஸ்டில் நான் அந்தக் குழுவின் நாயகி, ஹாலிஸ் நாயகன். கடைசி வாரத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். அது ஹாலிஸ் காதிலும் விழுந்தது.

என் பெரிய வசனத்துக்கு முன்னால் அவன் வேண்டுமென்றே நான்கு பக்க வசனத்தைத் தாவினான். "மோதிரத்தைத் திருப்பிக் குடு" என்றான். மோதிரத்தை அவன் எனக்கு இன்னும் போடவே இல்லை. என் விரல் வெறுமையாக இருப்பதை முன்வரிசை பார்க்கிறது. கதையைப் பழைய இடத்துக்கு இழுக்க நான் ஒரு வரி சொன்னேன். "மோதிரம்" என்றான். இன்னொரு வரி சொன்னேன். "மோதிரம்" என்றான். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு எனக்காகப் பொறுமையாகக் காத்திருப்பவன்போல நின்றான். எனக்கு நாடகம் முழுவதும் மறந்துவிட்டது. என் பெயரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் குடிகாரியைப் பிடிப்பதுபோல என் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்து வருத்தமாக ஒரு புன்னகை செய்து, கதவு வரை நடத்திக்கொண்டு போனான். உள்ளே போனதும் என்னிடம் சாராய வாசனை வந்தது என்று மேலாளரிடம் சொன்னான். தயாரிப்பாளர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் எந்தக் குழுவும் என்னைச் சேர்க்கவில்லை. குடிப்பவள் என்று எழுதியே அனுப்பினார்கள்.

உண்மையை மேலாளருக்கு ஒரு வரி எழுதிப் போடு என்று அவனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. என் கையெழுத்தை அவனுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் உனக்குப் படிகள் எழுதி அனுப்பினேன். நீ சிரிப்புப் போனதென்று அழுதாய். எனக்குப் போனது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இத்துடன் ஒரு தாள். முதல் நான்கு வரி உங்கள் நாடகத்தினுடையது. மீதி நான் அவனுக்கு எழுதிய மூன்றாவது கடிதம், சொல் மாறாமல். இதை அவன் கையில் கொடு. தொள்ளாயிரம் பேர் முன்னால் பிரிக்கட்டும், நான் நின்றதுபோல நிற்கட்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். முடியாதென்றால் எனக்கு எழுதாதே.

வெர்னா

நியூயார்க்
31 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒப்பனை மேசையில் வைத்துப் படித்தேன். பூசியதெல்லாம் கரைந்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. எங்களிடம் இத்தனை வருடம் சொல்லாமல் எப்படி இருந்தாய்? அப்பா உனக்கு வெங்காயச் சாறும் தேனும் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தாரே, அதையும் குடித்தாயே!

நேற்றுப் பகலாட்டத்தில் உன் தாளைக் கொடுத்தேன். அவர் பிரித்தார், பார்வையைத் தாளுக்கு மேலே எங்கோ மாடி வரிசையில் வைத்துக்கொண்டு நாடகத்துக் கடிதம் முழுவதையும் ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. அந்த ஆள் மனப்பாடம் செய்துவிட்டார் அக்கா! உன் எழுத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு எப்போதோ நெட்டுரு போட்டிருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

தாளை அறைக்குக் கொண்டுபோய் அங்கே படித்திருக்க வேண்டும். அன்று மாலையே சுங்கான் திரும்பி வந்துவிட்டது, என் சிரிப்புச் செத்தது. என் வேகம் குறைந்துவிட்டதென்றும் ஜூன் ஒப்பந்தத்தில் வேறு ஆளைப் பார்க்கலாமென்றும் பின்கஸிடம் சொல்லியிருக்கிறார். கைகலப்பு இல்லாமல் கழுத்தை அறுப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

மர்லிஸ்

டுலூத்
9 பிப்ரவரி 1974

அன்புள்ள மர்லிஸ்,

நலம். விட்டுவிடு. உன் வேலைக்கு ஆபத்து என்றால் எனக்கு ஒன்றும் வேண்டாம். வேலை போய்விட்டால் இங்கே வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அவன் எனக்குச் செய்ததை அவனுக்கே செய்யலாமென்று உனக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். அது எளிதல்ல. இன்னும் அவன் கைக்கு வராத பொருளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அவன் பழைய இடத்துக்கு இழுப்பான், அப்போது குரலை உயர்த்தாமல் அதே பொருளை அதே சொல்லால் கேட்க வேண்டும். இரண்டு முறை போதும், மூன்றாவது முறை கேட்கத் தேவையிருக்காது. கையைக் கட்டிக்கொண்ட பிறகு அசையவே கூடாது, கண்ணிமைகூட. இதெல்லாம் உன்னால் முடியாது. அதனால் செய்யாதே.

அத்தான் விசாரித்தார்.

வெர்னா

நியூயார்க்
17 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நேற்று இரவு தூங்கவில்லை, ஆனாலும் நலம்.

நேற்றுச் சனிக்கிழமை மாலை. கலிஃபோர்னியாவிலிருந்து சினிமாக்காரர்கள் நான்கு பேர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் வருகைக் கையெழுத்துப் போடும்போதே அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அங்கத்தில் வழக்கம்போலத் தீக்குச்சி. மூன்றாம் அங்கத்தில் கடிதத்தை ஒப்பித்து முடித்தார், அழுகை எழுந்தது. அடுத்து நான் சொல்ல வேண்டியது, "வக்கீல் வந்திருக்காருங்கய்யா." வக்கீல் வந்து நான்கு பக்க வசனம் பேசிய பிறகுதான் பெட்டிச் சாவியை நீதிபதி கையில் கொடுப்பார். நான் சொன்னேன்: "சாவியைக் குடுங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். முதல் நொடியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரர், "வெளிய யாரோ வந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே" என்று இழுத்தார். "சாவி, ஐயா" என்றேன். "வக்கீலை இன்னும் காணோமே?" என்றார். "சாவி, ஐயா." வக்கீலாக நடிக்கும் கிழவர் கதவுக்குப் பின்னால் தன் அழைப்பு வராமல் தவிக்கிறார். பின்கஸ் திரை மறைவிலிருந்து வசனத்தைக் கிசுகிசுக்கிறார், அது நான்காம் வரிசைவரை கேட்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா, ஒரு மனிதன் காலியாவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டைப்பையைத் தடவினார், மேசை இழுப்பறையைத் திறந்தார், அந்தச் சாவி எங்காவது இருக்குமென்று நிஜமாகவே தேடினார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. யாரோ இருமினார்கள். ஒரு பெண் சிரித்தாள். கடைசியில் நாடகமே இல்லாத ஒரு குரலில் என்னிடம் கேட்டார்: "வெர்னா சொன்னாளா?" எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் இமைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குப் போதும் என்று தோன்றும்வரை. பிறகு அவர் முழங்கையை மெல்லப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்து வருத்தமாகப் புன்னகைத்து, கதவு வரை நடத்திக்கொண்டு போனேன். திரையை இறக்கிவிட்டார்கள். மாற்று நடிகர்தான் மிச்சத்தை முடித்தார். சினிமாக்காரர்கள் இருக்கவில்லை.

பின்கஸ் என்னைத் தனியாக அழைத்தார். "தயாரிப்பாளருக்கு நான் எழுதியாகணும். ஊரெல்லாம் குடிச்சிருந்தாருன்னு பேச்சு. நீ பக்கத்துல நின்ன, வாசனை வந்துச்சா?" வந்தது என்று ஒரு சொல் சொன்னால் என் மேல் ஒரு தூசும் படாது. வரவில்லை என்றால், வேண்டுமென்றே ஒருவரைக் கவிழ்த்தவள் என்று நடிகர் சங்கத்தை விட்டே விலக்குவார்கள், பிறகு எங்கும் நடிக்க முடியாது. நான் சொன்னேன்: "நான் வாயைத் திறக்கமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு அவரே எழுதட்டும். நான் வேணும்னே செஞ்சேன்னா, ஏன் செஞ்சேன்னும் அவரே எழுதட்டும். அவர் எழுதறது எதுவானாலும் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். என் பிழைப்பு இப்போது அவர் பேனாவில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வருத்தமில்லை.

மர்லிஸ்

நியூயார்க்
20 மார்ச் 1974

மதிப்புக்குரிய வெர்னா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் நலமென நம்புகிறேன். நீண்ட காலத்துக்குப் பின் எழுதுகிறேன்.

தங்கள் தங்கை இளகிய மனம் படைத்தவர், யாரோ தவறாக வழிநடத்தியிருக்கிறார்கள். வசனம் மறந்துபோனது என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இருவருக்குமே கௌரவமாக முடிந்துவிடும். மறதி யாருக்கும் வரக்கூடியதுதானே. நான் குடித்திருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். என் பெயர் கெடுகிறது. கலிஃபோர்னியாவிலிருந்து தொலைபேசி வருவது நின்றுவிட்டது.

இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சின்ன விஷயத்தை நாம் இருவரும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அப்போது நாம் சிறுபிள்ளைகள். தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஹாலிஸ் பிரான்ட்

நியூயார்க்
4 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், வேலையிலும் இருக்கிறேன். எப்படி என்று கேள்.

திங்களன்று தயாரிப்பாளரின் அலுவலகத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். பிரான்ட் முகச்சவரம் செய்திருக்கவில்லை. சங்கத்து ஆள் கேட்டார்: "இந்தம்மா வேணும்னே தாவினாங்களா, மிஸ்டர் பிரான்ட்? அப்படி இருந்தா சொல்லிடுங்க. உங்களுக்கு அவங்க ஏன் அப்படிச் செய்யணும்? காரணம் இல்லாம யாரும் செய்யமாட்டாங்களே." அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாய் திறந்தது. இதோ, வரப்போகிறது, விஸ்கான்சின் என்று சொல்லப்போகிறார், என் கதை முடிந்தது என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல. அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் அன்னைக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தேன்" என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒப்பந்தப்படி அன்றோடு அவர் கணக்கு முடிந்தது. சொன்ன வாக்குக்காகக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். பொய்க்குத்தான் போட்டேன். நல்ல கனமான பேனா அது.

நீ சந்தோஷமாக இருக்கிறாயா? சீக்கிரம் எழுது.

மர்லிஸ்

டுலூத்
15 ஏப்ரல் 1974

அன்புள்ள மர்லிஸ்,

நாங்கள் நலம். பனிக்கட்டி உடைந்து முதல் கப்பல் வந்துவிட்டது, அத்தான் வேலைக்குப் போகிறார். போவதற்கு முன் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டைக் கதை பொய் என்பதையும் சேர்த்துத்தான். அவர் எழுந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

சந்தோஷமா என்று கேட்டாய். ஆமாம். பாதிரியாரிடம் வேறு மாதிரி சொல்வேன், உனக்கு உள்ளதைச் சொல்கிறேன். அவன் இழுப்பறையைத் திறந்து தேடினான் என்று நீ எழுதிய பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்று. குடிகாரி என்ற பெயர்தான் உலகத்திலேயே கேவலமான பெயர் என்று இருபத்து மூன்று வருடம் நினைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் தலை குனிந்து நடந்தேன். நேற்றுவரை அப்படித்தான். ஒரு மனிதன் அந்தப் பெயரையும், ஒருத்தியைக் கவிழ்த்தவன் என்ற பெயரையும் கையில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, குடிகாரன் என்ற பெயரே பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். தான் எனக்குச் செய்தது என்னவென்று அவனுக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'சின்ன விஷயம்' என்று எனக்கு எழுதினானே, அவனே நம்பவில்லை.

அவனிடமிருந்து இன்னும் இரண்டு கடிதம் வந்திருக்கிறது. கடைசியில் கெஞ்சி எழுதியிருக்கிறான், எழுத்தும் கோணிப்போயிருக்கிறது. நிதானமாகப் படித்தேன். பதில் எழுதப் போவதில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
வெர்னா